ஏப்ரலில் மண்வெட்டியைத் தொடாதேயும்

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்காபரோ வீட்டுப் பின்வளவில் தோட்டம் போடப்போவதாக எழுதியிருந்தீர். என்னென்ன கன்று என்று ஒரு பக்கம். மண்ணைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பனி கரைந்து வெயில் முகம் காட்டியதும் கை துறுதுறுக்கும். பொறுத்திரும். உமது வளவு பெரும்பாலும் களிமண்ணாகத்தான் இருக்கும். ஈரக்களியைக் கொத்தினால், ஏன், மிதித்து நடந்தாலே, காற்றும் நீரும் போகிற துவாரங்கள் அடைபட்டு யூன் வெயிலில் செங்கல்லாய் இறுகிவிடும். ஒரு பிடி எடுத்து உருட்டிப் பாரும். விரலால் தட்ட உதிர்ந்தால் மட்டும் இறங்கலாம். களியைத் தளர்த்த மணல் கலக்கச் சொல்லுவார்கள், கேளாதேயும். கொஞ்ச மணல் சேர்ந்தால் இன்னும் கெட்டிப்படும். நன்றாக உக்கிய கொம்போஸ்ட்டை இரண்டு அங்குலம் பரப்பி மேல்மண்ணோடு இலேசாகக் கலந்தால் போதும். மிச்சத்தை மண்புழு பார்த்துக்கொள்ளும்.

யாழ்ப்பாணத்தில் குழை தாழ்த்த கதையை அப்பா சொல்லியிருப்பார். அந்த நினைப்பில் இங்கே வசந்தத்தில் மேப்பிள் சருகைப் புதைத்துவிட்டு, கன்று ஏன் மஞ்சளாய் நிற்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஊரில் தாழ்த்தது பூவரசு போன்ற பச்சைக் குழை. அதில் நைதரசன் இருந்தது. சருகிலோ காபன்தான் மிகுதி. அதை உக்கவைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற நைதரசனையும் தமக்கே எடுத்துக்கொள்ளும். சருகை ஒக்டோபரில் புல்வெட்டும் மெசினால் நொறுக்கிப் பாத்திமேல் மூடிவிட வேண்டும். மாரி முழுதும் அது கிடந்து உக்கட்டும். அடுத்தவர் வாசலில் கடதாசிப் பையில் கட்டிவைப்பதையும் கேட்டு வாங்கும். நான் வெட்கப்படுவதில்லை.

பட்டாணியும் ஸ்பினாச்சும் உறைபனியைத் தாங்கும். மண் பதமானதும் விதைக்கலாம். மிளகாய், கத்தரி, தக்காளி வீட்டுக்குள் மார்ச்சிலேயே முளைத்திருக்க வேண்டும். விக்டோரியா தினம், அதாவது மே 25க்கு முந்திய திங்கள், கழிந்தபின் நடும். அதற்கு முன் ஒரு கிழமையாவது பகலில் வெளியே வைத்து, வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கும். வீட்டுக்குள் வளர்ந்த கன்றைத் திடீரென வெளியே வைத்தால் இலை வெளிறிக் கருகும்.

முருங்கை ஆசையைத் தடுக்கமாட்டேன். சாடியில் வையும், குளிருக்கு முன் உள்ளே தூக்கும். வெண்டி, பயற்றை விதைகளை மட்டும் யூன் வரை எடுக்காதேயும். குளிர்ந்த மண்ணில் அவை முளைப்பதற்குள் அழுகிப்போகும்.

அன்புடன்,
அண்ணன்