சொற்போர்ப் பயிற்சி: வாயா, செவியா?

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு மாணவன்

தோற்றுவாய்

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பது நம் நாட்டுப் பழமொழி. அதை நம்பி ஒன்பதாம் வகுப்பில் மேடையேறியவன் நான். ஆசிரியர் எழுதிக் கொடுத்த நான்கு பக்கங்களை வரி பிசகாமல் மனப்பாடம் செய்துகொண்டு விவாதப் போட்டிக்குச் சென்றேன். ஐந்து நிமிடம் மடை திறந்தாற்போலப் பேசினேன். கைதட்டலும் கிடைத்தது. பின்னர் எதிரணி மாணவி எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். என் தாளில் அதற்கு விடை இல்லை. பேசியதையே மறுபடியும் பேசினேன். அவையில் எழுந்த சிரிப்பு இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

இவ்வாண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக ஏழு நாட்கள் ஒரு சிற்றூரில் தங்கினோம். அவ்வூர்ப் பள்ளித் தலைமையாசிரியர், "விவாதப் போட்டிக்கு எங்கள் பிள்ளைகளைப் பழக்கித் தாருங்கள்" என்று கேட்டார். அன்று பட்ட வெட்கமே என்னை முன்வரச் செய்தது. பத்தாம் வகுப்பு மாணவர் பன்னிருவருக்கு நான்கு மாலைகள் பயிற்சி நடத்தினோம். அங்கே கற்பித்ததையும் கற்றதையும் நண்பர்கள் முன் வைக்கிறேன்.

பேச்சு வேறு, சொற்போர் வேறு

பேச்சுப் போட்டியில் ஒருவர் தம் கருத்தை அழகுறச் சொன்னால் போதும். சொற்போரில் மாற்றார் கருத்துக்கு விடையும் சொல்லியாக வேண்டும். 1988ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் தொடங்கிய உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியின் விதிகளைப் பாருங்கள். மேடையில் அணிக்கு மூவர்; ஒவ்வொருவருக்கும் எட்டு நிமிடம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் நீங்கலாக, இடையிலே எதிரணியினர் எழுந்து கேள்வி கேட்கலாம். இறுதியில் அணிக்கு ஒருவர் நான்கு நிமிடம் தொகுத்துரைப்பார். நூறு மதிப்பெண்ணில் பொருளுக்கு 40, பேசும் முறைக்கு 40, உத்திக்கு 20. சில தலைப்புகள் ஒரு மணி நேரத்திற்கு முன்புதான் தரப்படும். அங்கே மனப்பாடம் என்ன செய்யும்?

இது நமக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் புகார் நகரத்து இந்திர விழாவை அறிவிக்கும் முரசறைவோன், சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏற அழைக்கிறான். அழைத்த அதே மூச்சில், பகைவரிடத்தும் சினமும் பூசலும் வேண்டா என எச்சரிக்கிறான். திருக்குறளில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் உண்டு. அதனோடு அவை அறிதலுக்கும் அவை அஞ்சாமைக்கும் தனித்தனி அதிகாரங்களை வள்ளுவர் வகுத்துள்ளார்.

நான்கு மாலைகள்

முதல் மாலை, கேட்டல். ஒருவர் இரண்டு நிமிடம் பேசுவார். அடுத்தவர் மறுத்துப் பேசுமுன், கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆம், நான் சொன்னது அதுதான்" என்று முன்னவர் ஒப்பிய பிறகே மறுக்கலாம். பன்னிருவரில் மூவரே முதல் முறையில் தேறினர்.

இரண்டாம் மாலை, நிறுவுதல். மணிமேகலைக்கு அறவண அடிகள் அளவை நூல் கற்பிக்கும் பகுதியே எங்களுக்குப் பாடநூல் ஆயிற்று. மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், புகை தெரிவது ஏது, அடுக்களை திட்டாந்தம். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாதம் நொண்டும் என்று விளக்கினோம். மாணவர் தம் பேச்சுகளில் கூற்று மட்டும் நிறைந்திருப்பதைத் தாமே கண்டனர்.

மூன்றாம் மாலை, மறுத்தல். மாற்றார் சொன்ன காரணம் உண்மையா? உண்மையாயினும் அதனால் அவர் கூற்று நிலைபெறுமா? நிலைபெற்றாலும் அதைவிடப் பெரிய நன்மை எதிர்ப்பக்கம் உண்டா? இம்மூன்று கேள்விகளே போதும். எதிரியின் ஊரையும் உடையையும் குரலையும் பழிப்பது மறுப்பாகாது.

நான்காம் மாலை, சீட்டுக் குலுக்கிப் பக்கம் பிரித்தோம். 'ஏழை மாணவர் பத்தாம் வகுப்போடு தொழிலுக்குச் செல்வதே நன்று' என்பது மாணவர்களே தேர்ந்த தலைப்பு. அன்று ஒருவன் வராததால் அவன் இடத்தில் நான் நின்றேன். ஆதரித்துப் பேசும்படி எனக்குச் சீட்டு விழுந்தது.

நான் கற்ற பாடம்

நண்பர்களே, அது என் தந்தையாரின் பக்கம்! நான் பத்தாம் வகுப்புத் தேறியபோது அவர் என்னைத் தச்சுப் பட்டறையில் சேர்க்க விரும்பினார். நான் இரண்டு நாள் உண்ணாமல் கிடந்து மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். அன்று வென்றது பிடிவாதம்; வாதமன்று.

இப்போது அவருக்காகக் காரணங்களை எழுத உட்கார்ந்தேன். கடனுக்கு ஏறும் வட்டி, தங்கையின் படிப்பு, பட்டம் பெற்றும் வேலையின்றித் திண்ணையில் இருந்த பக்கத்து வீட்டு அண்ணன். பக்கமும் ஏதுவும் திட்டாந்தமும் அவர் பேச்சிலேயே இருந்தன. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அவர் முறையாகத்தான் வாதிட்டிருக்கிறார். கேட்கத்தான் ஆளில்லை.

அன்று என் அணி தோற்றது. எதிரணி மாணவி என் காரணங்கள் மூன்றையும் பிசகாமல் திருப்பிச் சொல்லிவிட்டு, "கடன் உண்மைதான் அண்ணா. ஆனால் பதினைந்து வயதுக் கூலியிலேயே நின்றுவிட்டால், அடுத்த கடனை எதைக் கொண்டு அடைப்பது?" என்று கேட்டாள். தந்தையாரிடம் அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடை அது.

முகாம் முடிந்து வீடு சென்றதும் அவரிடம் அவருடைய காரணங்களைத் திருப்பிச் சொல்லி, "சரிதானாப்பா?" என்று கேட்டேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "நாலு வருஷம் கழிச்சு இப்பத்தான் காதுல விழுந்துச்சாக்கும்" என்றார். படிக்க வந்தது தவறென்று நான் இன்றும் கருதவில்லை. ஆனால் வட்டி பற்றி அவர் சொன்னதற்கு விடை வேண்டுமல்லவா? மாலையில் சிறுவர்க்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து, அதில் ஒரு பங்கை நான் கட்டி வருகிறேன்.

முடிவுரை

நம் கல்லூரித் தமிழ் மன்றத்தார் ஆண்டுதோறும் அருகிலுள்ள பள்ளிகளில் இத்தகைய பயிற்சி நடத்தலாம். நடுவராக அமரும் பேராசிரியப் பெருமக்கள், மறுமொழிக்கெனத் தனி மதிப்பெண் ஒதுக்கினால், மனப்பாடம் தானே குறையும். வாயுள்ள பிள்ளை பிழைக்கட்டும். அப்பிள்ளைக்குச் செவியும் உண்டென்பதை நாம் நினைவூட்டுவோம்.