தன் மனையில் ஒரு வீடு

நுழையும்முன்

தொன்மை வாய்ந்த ஊரில் புதிதாக வீடு கட்டுவோர், அருகிலுள்ள நினைவுச்சின்னத்தின் பாதுகாப்பையும் தம் வீட்டின் வெப்பத்தையும் ஒருங்கே எண்ண வேண்டியுள்ளது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவையா என்பதை உத்திரமேரூரை முன்வைத்து இப்பாடம் ஆராய்கிறது.

கல்வெட்டில் வீடு

காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோவிலின் சுவர்களில் முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, குடவோலை முறையில் வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த நெறிகளைக் கூறுகின்றன. வரி செலுத்தும் நிலம், வயது, கல்வி ஆகியவற்றோடு, தனக்குரிய மனையில் வீடு கட்டிக் குடியிருத்தலும் ஒரு தகுதியாகக் கொள்ளப்பட்டது. ஊரில் நிலைத்து வாழ்பவரே ஊரின் ஏரியையும் தோட்டத்தையும் காக்கும் பொறுப்புக்கு உரியவர் என்னும் எண்ணம் அதில் புலப்படுகிறது.

சட்டத்தின் எல்லை

இக்கோவில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டம் 2010இல் திருத்தப்பட்டது. அதன்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டடம் எழுப்பத் தடை உண்டு. பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை, உரிய அனுமதி பெற்றே கட்ட இயலும். இதனைச் சுமையாகக் கருதுவோரும் உளர். அவர்களது மனக்குறை புறந்தள்ளத்தக்கதன்று. சின்னத்தைக் காப்பதற்காகக் குடியிருப்போர் வெப்பத்தில் வாடுவது முறையாகாது. வாழ முடியாத தெருவில் மக்கள் நிலைத்திருக்கவும் மாட்டார்கள்.

கூரையும் வெயிலும்

உத்திரமேரூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12.6 பாகையில் அமைந்துள்ளது. ஆகவே ஏப்ரல் இறுதியில் நண்பகல் கதிரவன் நேர் உச்சியில் நிற்கும். அப்போது மிகுதியான வெயிலைத் தாங்குவது கூரையே. வெறும் கான்கிரீட் தளம் பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் அறைக்குள் இறக்குகிறது. தளத்தின்மேல் வெப்பம் கடத்தாத அடுக்கும், வெயிலைத் திருப்பும் வெண்ணிற ஓடுகளும் பதித்தால் இவ்வெப்பம் பெரிதும் குறையும். கிழக்கு, மேற்குச் சுவர்களில் சாய்வாக விழும் வெயிலைத் தாழ்வாரத்தாலும் மரநிழலாலும் தடுக்கலாம்.

முற்றத்தின் பயன்

வீடுகளுக்கான ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பாகிய எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018இல் வெளியிடப்பட்டது. வெப்பமும் ஈரப்பதமும் மிக்க பகுதிகளில், காற்று புகும் திறப்புகளின் பரப்பு தளப்பரப்பில் 16.66 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. 60 சதுர மீட்டர் வீட்டுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் திறப்பு வேண்டும். பக்கச்சுவர்கள் ஒட்டிய வரிசை வீட்டில் முன்புறமும் பின்புறமும் மட்டும் இதற்குப் போதா. நடுவில் வானம் பார்த்த முற்றம் இருந்தால், அதனைச் சூழ்ந்த அறைகளும் சன்னல் பெறும். சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலேறி வெளியேறும். இன்றைய விதி கேட்பதை அன்றைய முற்றம் முன்பே தந்திருக்கிறது.

பழைய வீட்டிலும் குறைகள் உண்டு. ஓடு மாற்றுதல் ஆண்டுதோறும் வரும் செலவு. மழைச்சாரல் முற்றத்திலிருந்து உள்ளே தெறிக்கும். திறந்த வெளி திருட்டச்சமும் தரும். எனவே பழைய தோற்றத்தை அப்படியே படியெடுத்தல் தீர்வாகாது. முற்றத்துக்குக் கம்பிவலையும், அதைச் சூழ்ந்த தாழ்வாரத்துக்கு அகன்ற இறவாரமும், நீர் வடிந்து கிணற்றையோ நிலத்தடியையோ சேரும் வழியும் அமைத்தல் வேண்டும்.

கூரையில் மின்னாற்றல்

சூரிய மின்தகடுகள் தெருவின் தோற்றத்தைக் கெடுக்கும் என்னும் ஐயம் எழலாம். இவ்வூரின் அமைவிடத்துக்குத் தகடுகளை ஏறத்தாழ 13 பாகை அளவே தெற்கு நோக்கிச் சாய்த்தல் போதும். தாழ்வாகக் கிடக்கும் அவற்றைக் கைப்பிடிச்சுவர் தெருவிலிருந்து மறைத்துவிடும். சுவரின் நிழல் தகட்டின்மேல் விழாதவாறு இடைவெளி விடுதலே கருதத்தக்கது.

உயரம் குறைந்த வீடு, தெருவோடு ஒத்த முகப்பு, நிழல் தரும் திண்ணை ஆகியவை கோவிலின் காட்சியைக் காக்கின்றன. அவையே மின்செலவையும் குறைக்கின்றன. ஆகவே இங்கு வரைபடம் தீட்டுவோர், குளிரூட்டியை வாங்கும் முன் காற்று வரும் திசையையும் நிழல் விழும் இடத்தையும் குறித்துக்கொள்ளல் நன்று. தன் மனையில் வீடு கட்டியவரிடம் ஊரின் பொறுப்பை ஒப்படைத்த ஊர் இது. அப்பொறுப்பு இன்று வீடு கட்டும்போதே தொடங்குகிறது.