கரிசல் மண்ணுக்கு உலகம் வைத்த பெயர்

நாக்பூருக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் பழகிக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, மே மாத வெயில். மற்றொன்று, இங்குள்ள கறுப்பு மண். மழை பெய்தால் செருப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும். வெயில் ஏறினால் தானும் பிளந்து, காம்பவுண்டுச் சுவரையும் பிளக்கும். இங்குள்ளவர்கள் இதைக் 'காளி மாத்தி' என்கிறார்கள். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கோ இது பிறந்த ஊர்க் கரிசலேதான்.

சிவில் பிரிவில் டிப்ளமா படித்து, ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் நான். அதில் பெரும்பகுதி விதர்பாவின் கறுப்பு மண்மேல் போட்ட பாதையில் கழிந்தது. மழைக்காலம் வந்தால் கரை இளகும். ஜல்லி மண்ணுக்குள் இறங்கும். சேறு மேலே பொங்கும். உடனே 'காஷன் ஆர்டர்' போட்டு வண்டிகளின் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஓய்வுக்குப் பிறகு இந்த மண்ணைப் பற்றிச் சற்று ஆழமாகப் படித்தேன். பல நாட்டு மண்ணியல் அறிஞர்கள் கூடி இதற்கு ஒரு பொதுப் பெயர் கண்ட வரலாறும், அதனால் விளைந்த பயனும் நம் உறுப்பினர்களும் பிள்ளைகளும் அறிய வேண்டியவை.

கரிசலின் குணம்

கரிசலில் களிமண் அதிகம். அந்தக் களியில் 'மான்ட்மோரில்லனைட்' போன்ற கனிமங்கள் உள்ளன. இவை மெல்லிய தகடுகளை அடுக்கி வைத்தாற்போன்ற அமைப்புடையவை. தகடுகளுக்கு இடையே நீர் புகுந்தால் மண் உப்பும். நீர் வெளியேறினால் சுருங்கும். சுருங்கும்போது ஆழமான வெடிப்புகள் உண்டாகின்றன. மேல்மண் அந்த வெடிப்புகளுக்குள் விழுகிறது. அடுத்த மழையில் அடிமண் உப்பி மேலே தள்ளுகிறது. தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் என்று இதைச் சொல்வது அதனால்தான்.

நாக்பூர்ப் பக்கத்துக் கறுப்பு மண் எரிமலைக் குழம்பு இறுகிய பாறையிலிருந்து உண்டானது. நம் தென் மாவட்டக் கரிசல் பெரும்பாலும் வேறு வகைப் பாறையிலிருந்து வந்தது. தாய்ப்பாறை வேறானாலும் உப்புவதும் சுருங்குவதும் ஒன்றே. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரு மண், பல பெயர்

தெலுங்கில் 'ரேகடி' என்பார்கள். அதிலிருந்து வந்த 'ரேகர்' என்ற பெயரையே நம் பள்ளிப் புவியியல் புத்தகங்களில் படித்தோம். மொராக்கோவில் இதன் பெயர் 'டிர்ஸ்'. சூடானில் 'படோப்'. தென்னாப்பிரிக்காவில் 'பிளாக் டர்ஃப்'. ஆஸ்திரேலியாவில் 'வெடிக்கும் கருங்களி' என்ற பொருளில் ஆங்கிலப் பெயர். அமெரிக்காவின் டெக்சஸில் 'ஹூஸ்டன் பிளாக்'.

பெயர் பலவாக இருப்பதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். ரயில்வே உதாரணம் ஒன்று சொல்கிறேன். நம் நாட்டில் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். மீட்டர்கேஜ் 1000 மில்லிமீட்டர். இரண்டும் சந்திக்கும் நிலையங்களில் ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி மறு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. 1992-ல் ஒரே பாதைத் திட்டம் தொடங்கியதே இந்த வீண் வேலையை ஒழிப்பதற்காகத்தான். மண் அறிவுக்கும் இதே கதி. டெக்சஸில் ஒருவர் கண்டறிந்தது ஆந்திராவில் உள்ளவருக்குப் பயன்பட வேண்டுமானால், இரண்டும் ஒரே மண் என்று முதலில் தெரிய வேண்டும். பெயர் ஒத்துப்போகாத இடத்தில் அறிவும் மூட்டையைப் போல எல்லையிலேயே நின்றுவிடும்.

உலக மண் வரைபடம்

பன்னாட்டு மண்ணியல் கழகம் 1924-ல் ரோம் நகரில் தொடங்கப்பட்டது. 2024-ல் அது நூற்றாண்டு கண்டது. இக்கழகத்தின் ஏழாவது மாநாடு 1960-ல் அமெரிக்காவின் மேடிசன் நகரில் கூடியபோது இரண்டு செயல்கள் நடந்தன. அமெரிக்க மண்ணியலார் தம் புதிய வகைப்பாட்டை அங்கே முன்வைத்தார்கள். அதில்தான் 'வெர்டிசால்' என்ற பெயர் வந்தது. 'திருப்பு' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. தன்னைத்தானே புரட்டிக்கொள்ளும் மண்ணுக்கு மிகப் பொருத்தம். உலகம் முழுவதற்கும் ஒரே மண் வரைபடம் வேண்டும் என்ற பரிந்துரையும் அம்மாநாட்டிலேயே எழுந்தது.

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் யுனெஸ்கோவும் 1961-ல் அவ்வேலையைத் தொடங்கின. பல நாடுகளிலிருந்து சுமார் 11,000 வரைபடங்களைத் திரட்டினார்கள். ஒவ்வொரு நாடும் தன் வழக்கப்படி பெயரிட்டு, தன் அளவில் வரைந்தவை அவை. அவற்றை ஒத்திசைவாக்க, அறிஞர்கள் ஒருவர் நாட்டுக்கு ஒருவர் சென்று, குழி தோண்டி, ஒரே மண்ணைச் சேர்ந்து நின்று பார்த்து விவாதித்தார்கள். முதல் நகலை 1968-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மாநாட்டில் வைத்தார்கள். 1971 முதல் 1981 வரை 50 லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் வரைபடத் தாள்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. பனிப்போர் நடந்த காலத்தில் இரு முகாம்களின் மண்ணியலாரும் சேர்ந்து முடித்த வேலை இது என்பது குறிப்பிடத்தக்கது.

இவர்கள் கண்ட வழி எளியது. மண்ணை நிறத்தாலோ தாய்ப்பாறையாலோ பிரிக்காமல், அளந்து பார்க்கக்கூடிய குணத்தால் பிரித்தார்கள். களிமண் 30 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பருவந்தோறும் வெடித்து மூட வேண்டும். அடிமண்ணில் ஒன்றோடொன்று உராய்ந்து மினுங்கும் பரப்புகள் தெரிய வேண்டும். இவை இருந்தால் அது வெர்டிசால், எந்த நாட்டில் இருந்தாலும் சரி. இக்கணக்கின்படி உலகில் சுமார் 33.5 கோடி ஹெக்டேர் வெர்டிசால் உள்ளது. இந்தியா, ஆஸ்திரேலியா, சூடான், எத்தியோப்பியா ஆகியவை இம்மண் மிகுந்த நாடுகள். நம் நாட்டு மண் வரைபடங்களைத் தயாரிக்கும் தேசிய நிறுவனம் 1976 முதல் இயங்கி வருகிறது. அதன் தலைமையகம் நம் நாக்பூரிலேயே இருக்கிறது.

பட்டான்செருவிலிருந்து எத்தியோப்பியாவுக்கு

பெயர் ஒன்றானதன் பயனை இனிப் பார்ப்போம். ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் 1972-ல் 'இக்ரிசாட்' என்னும் பன்னாட்டு ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அப்பகுதியின் ஆழமான கரிசலில் மழைக்காலத்தில் விவசாயிகள் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிடுவது வழக்கம். சேற்றில் ஏர் இறங்காது. பயிர் வைத்தாலும் நீர் தேங்கி அழுகிவிடும். மழை ஓய்ந்தபின் ஒரே ஒரு பயிர்தான். மழைக்காலம் முழுவதும் வெறும் நிலமாகக் கிடப்பதால் மேல்மண் அரித்துப் போகும்.

இக்ரிசாட் அறிஞர்கள் அகலப் பாத்தியும் பக்கத்தில் வாய்க்காலுமாக நிலத்தை அமைத்தார்கள். பாத்தி ஒரு மீட்டர், வாய்க்கால் அரை மீட்டர், லேசான சரிவு. மிகுந்த நீர் வடியும். பாத்தியில் பயிர் நிற்கும். மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைப்பதும் இம்முறையின் பகுதி. பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்ததில், இரு பருவமும் பயிர் செய்த இந்நிலம் ஹெக்டேருக்குச் சுமார் 5 டன் தானியம் தந்தது. பழைய முறையில் சுமார் 1 டன். மண் அரிப்பும் வெகுவாகக் குறைந்தது.

எத்தியோப்பியாவில் வெர்டிசால் 1.2 கோடி ஹெக்டேருக்கு மேல் உண்டு. அங்கும் இதே தொல்லை: மழைக்காலத்தில் நீர் தேங்கும், விதைப்பு தாமதமாகும். 1980-களின் நடுவில் இக்ரிசாட்டும், அடிஸ் அபாபாவில் இருந்த பன்னாட்டுக் கால்நடை மையமும், அந்நாட்டுப் பல்கலைக்கழகமும் அரசுத் துறைகளும் கூட்டாக வேலை செய்தன. இனேவாரி என்ற வட்டாரத்துக் குடும்பங்கள் அதற்கு முன்பே கையாலேயே இத்தகைய பாத்தி அமைத்து வந்திருந்தன. ஆகவே பாடம் ஒரு பக்கமாக மட்டும் போகவில்லை.

இந்தியாவில் இக்ரிசாட் பயன்படுத்திய சக்கரம் வைத்த மாட்டுக் கருவி நன்றாக வேலை செய்தது. ஆனால் சிறு விவசாயிக்கு அதன் விலை எட்டவில்லை, எனவே பரவவில்லை. எத்தியோப்பியாவில் அவர்கள் வழக்கத்தில் இருந்த 'மரேஷா' என்னும் நாட்டுக் கலப்பை இரண்டைச் சேர்த்துப் பாத்தி போடும் கருவி செய்தார்கள். விலை குறைந்தது. எடை அதிகம் என்ற குறையை அங்குள்ள விவசாயிகள் சொன்னார்கள். எல்லோரும் அதை ஏற்கவும் இல்லை. எல்லை தாண்டி வந்த அறிவு விவசாயியின் கைக்கும் பைக்கும் பொருந்தினால்தான் வயலில் இறங்கும் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

அரசுகளின் மேசைக்கு

உணவு வேளாண் அமைப்பு 1981-ல் உலக மண் சாசனத்தை ஏற்றது. மறு ஆண்டே மண்ணியல் கழகத்தின் பன்னிரண்டாவது மாநாடு புதுதில்லியில் கூடியது. ஆனால் அரசுகள் மண்ணுக்காகக் கூடிப் பேச நிலையான ஓர் அமைப்பு 2012 டிசம்பரில்தான் வந்தது. உலக மண் கூட்டமைப்பு என்பது அது. அதற்கு ஆலோசனை சொல்ல 27 நிபுணர்கள் கொண்ட குழு மறு ஆண்டு அமைந்தது. டிசம்பர் 5-ஐ உலக மண் நாளாக ஐ.நா. பொதுச்சபை 2013-ல் அறிவித்தது. அக்குழு 2015-ல் தந்த அறிக்கை, உலக நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நடுத்தரமாகவோ கடுமையாகவோ சீர்கெட்டுள்ளது என்றது.

பெயரை ஒன்றாக்கினால் போதாது. அளவையும் ஒன்றாக்க வேண்டும். ஒரே மண்ணை இரு ஆய்வுக்கூடங்களில் கொடுத்தால் இரு விடை வருவதுண்டு. இதைச் சரிசெய்யவே 2017-ல் உலக மண் ஆய்வுக்கூட வலையமைப்பு ஏற்பட்டது. ஒரே மாதிரி மண்ணைப் பல கூடங்களுக்கு அனுப்பி, முடிவுகளை ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள்.

வீட்டில் செய்து பார்க்க

பிள்ளைகளுக்கு ஒரு சோதனை. கறுப்பு மண்ணை நன்கு காயவைத்துத் தூளாக்கிச் சலியுங்கள். ஒரே அளவுள்ள இரு கண்ணாடி டம்ளர்களில் ஒன்றில் இரண்டு கரண்டி கறுப்பு மண், மற்றதில் இரண்டு கரண்டி மணல் போட்டு நீர் ஊற்றிக் கலக்குங்கள். மறுநாள் படிந்த உயரத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

ரயில்வேயில் இதையே முறையாகச் செய்வோம். 10 கிராம் மண் ஓர் அளவுக்குழாயில் நீரிலும், இன்னொரு 10 கிராம் மண்ணெண்ணெயிலும் 24 மணி நேரம் இருக்கும். மண்ணெண்ணெயில் களி உப்பாது. அதில் 10 மில்லி, நீரில் 17 மில்லி என்றால், உப்பல் 70 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே, கரை போடுமுன் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய மண் என்று பொருள்.

நாம் செய்யக்கூடியது

நம்மில் பலருக்கு ஊரில் கொஞ்சம் நிலம் உண்டு. வேறு யாரோ உழுகிறார்கள். 2015 பிப்ரவரி 19-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 அளவுகள் குறிக்கப்படுகின்றன. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்த அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். பீரோவில் பத்திரமாக மடித்து வைத்திருந்தால் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அதில் கரிமச் சத்து என்ற வரியைப் பாருங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு. தொழு உரமும் தழை உரமும் கேட்கும் மண் அது. இன்னொன்றும் கவனியுங்கள். திட்டத்தின் முதல் சுற்றில் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என்றுதான் மாதிரி எடுத்தார்கள். அட்டையில் உள்ள எண் பக்கத்து வயலுடையதாகவும் இருக்கலாம். ஐயமிருந்தால் உங்கள் நிலத்து மண்ணைத் தனியே எடுத்து, அருகிலுள்ள மண் ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள்.

மேடிசனில் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாட்டவர் பாடுபட்டுச் சேர்த்த அறிவு அந்த ஒரு தாளில் வந்து நிற்கிறது. கடைசி மைல் நம் குடும்பத்தார் கையில் இருக்கிறது.