மருந்தூட்டிய கொசுவலை: கவனிக்க வேண்டியவை

ஒடிசாவின் கோராபுட், மல்கான்கிரி போன்ற மலை மாவட்டங்களில் மலேரியாவைத் தடுக்க அரசு இலவசமாக வழங்கும் கொசுவலையின் இழையிலேயே பூச்சிமருந்து கலந்திருக்கும். வலையில் வந்து உட்காரும் கொசு செத்துவிடும்.

புது வலையை ஒரு நாள் முழுக்க நிழலில் காற்றாட விட்ட பிறகே கட்ட வேண்டும். இல்லாவிட்டால் தோல் அரிப்பும் கண் எரிச்சலும் வரலாம்; சிலர் வலையை வெறுத்து மூலையில் போட்டுவிட இதுவும் ஒரு காரணம். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு பொழுது சாய்ந்தது முதல் விடியும்வரை கடிக்கும். ஆகவே வெக்கைக்காக முற்றத்தில் படுப்பவர்களும், பயிர்க் காவலுக்குப் போகிறவர்களும் நான்கு கம்பு நட்டு வலை கட்டிக்கொள்வது அவசியம். ஓரங்களைப் பாயின் அடியில் செருக வேண்டும். வலை போதாத வீட்டில் கர்ப்பிணிக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும்தான் முதலிடம்.

அடிக்கடி துவைத்தால் மருந்து போய்விடும். சுமார் 20 சலவை வரைதான் தாங்கும். மென்மையான சோப்பு போதும், பிளீச்சிங் பவுடர் கூடாது. நிழலில் உலர்த்த வேண்டும். குளத்திலோ ஓடையிலோ அலசவே கூடாது, அந்த மருந்து மீன்களைக் கொல்லும். அதே காரணத்தால் வலையை மீன்பிடிக்கவும் பயன்படுத்தக் கூடாது. அதன் சிறிய கண்களில் மீன்குஞ்சுகளும் அகப்பட்டு அழியும்.

கிழிசலை உடனே தைத்துவிடலாம். ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் வலையை மாற்ற வேண்டியிருக்கும். புதியது கைக்கு வரும்வரை பழையதையே கட்டிப் படுப்பது நல்லது.