கம்ப்யூட்டருக்கு எடை போடக் கற்றுக்கொடுப்போம்!

– மூன்றாமாண்டு மாணவர், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை



விசை உணரி என்று பாடத்தில் படிக்கும்போது ஏதோ பெரிய தொழிற்சாலைச் சமாச்சாரம் போலத் தோன்றும். ஆனால் அதை நாம் தினமும் பார்க்கிறோம். மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசு, ரேஷன் கடைத் தராசு, லாரி ஏறி நிற்கும் எடைமேடை, எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது லோடு செல் என்கிற விசை உணரிதான்.

இந்த ஆண்டு நாங்கள் நான்கு பேர் சேர்ந்து 5 கிலோ லோடு செல் ஒன்றைக் கம்ப்யூட்டருடன் இணைத்துச் சோதித்தோம். இணைப்பது அரை மணி நேர வேலைதான். திரையில் வரும் எண்ணை நம்பலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் நான்கு நாள் பிடித்தது. அந்த நான்கு நாள் வேலையைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்லப்போகிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது?

லோடு செல்லைக் கையில் எடுத்தால் நடுவில் துளையிட்ட சிறிய அலுமினியக் கட்டை. அவ்வளவுதான். ஒரு முனையை இறுக்கி, மறுமுனையில் பாரம் வைத்தால் கட்டை நம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. துளைக்கு மேலும் கீழும் ஸ்ட்ரெய்ன் கேஜ் என்கிற மெல்லிய உலோகத் தகடுகள் ஒட்டப்பட்டிருக்கும். நீண்டால் அவற்றின் மின்தடை கூடும், சுருங்கினால் குறையும்.

எவ்வளவு கூடும்? 350 ஓம் கேஜ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கேஜ் காரணி 2. நீளம் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினால் மின்தடை ஆயிரத்தில் 2 பங்கு கூடும். அதாவது 0.7 ஓம்! நம் லேப் மல்டிமீட்டரில் இதைச் சரியாகப் பிடிப்பது கஷ்டம். அதனால்தான் நான்கு கேஜ்களை வீட்ஸ்டன் சமனச்சுற்றாக இணைக்கிறார்கள். இரண்டு நீளும், இரண்டு சுருங்கும். நான்கும் சேர்ந்து வித்தியாசத்தைப் பெரிதாக்கிக் காட்டும். வெயிலில் சூடேறினால் நான்கும் ஒரே மாதிரி மாறுவதால் அந்த மாற்றம் பெரும்பாலும் தள்ளுபடியாகிவிடும்.

இந்தச் சமனச்சுற்றை 1833-ல் உருவாக்கியவர் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி. 1843-ல் அதைப் பிரபலமாக்கிய வீட்ஸ்டன் பெயரே நிலைத்துவிட்டது. ஒட்டும் ஸ்ட்ரெய்ன் கேஜை 1938-ல் அமெரிக்காவில் சிம்மன்ஸ், ரூஜ் என்ற இருவர் ஒருவரையொருவர் அறியாமலே தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். ரூஜ், நிலநடுக்கத்தில் தண்ணீர்த் தொட்டிகள் என்ன ஆகும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர்.

அர்டுயினோ மட்டும் போதாதா?

போதாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவ்வகை லோடு செல் முழுப் பாரத்தில் ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிவோல்ட் தரும். 5 வோல்ட் கொடுத்தால் 5 கிலோவுக்குக் கிடைப்பது வெறும் 5 மில்லிவோல்ட். அர்டுயினோ யூனோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி 4.9 மில்லிவோல்ட். ஆக, 5 கிலோ முழுவதும் அதற்கு ஒரே ஒரு படி! ஒன்று, இல்லையென்றால் சுழி.

எனவே இடையில் எச்.எக்ஸ்.711 என்ற சிறு பலகை தேவை. இது சிக்னலை 128 மடங்கு பெருக்கி, 24 பிட் எண்ணாக மாற்றித் தருகிறது. ஒரு கிராமுக்கே 400-க்கும் மேற்பட்ட படிகள் கிடைக்கும்.

இணைக்கும் முறை

சிவப்பு ஒயரை ஈ+ முனையிலும், கறுப்பை ஈ– முனையிலும், பச்சையை ஏ+ முனையிலும், வெள்ளையை ஏ– முனையிலும் பற்றவைக்க வேண்டும். (சில கம்பெனிகளில் நிறம் மாறும், தாளைப் பார்த்துக்கொள்ளவும்.) பலகையிலிருந்து 5 வோல்ட், கிரவுண்ட், டேட்டா, கிளாக் என்று நான்கு ஒயர்கள் அர்டுயினோவுக்குப் போகும். அங்கிருந்து யு.எஸ்.பி. வழியாகக் கம்ப்யூட்டர். சீரியல் மானிட்டரைத் திறந்தால் நொடிக்கு 10 எண்கள் ஓடும். பாரம் ஏற ஏற எண் இறங்கினால் பயப்பட வேண்டாம். பச்சையையும் வெள்ளையையும் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

பொருத்தும்போது இரண்டு விஷயம். கட்டையின் இரு முனையிலும் வாஷர் கொடுத்துத் தூக்கி வைக்க வேண்டும். நடுப்பகுதி வளைய இடம் வேண்டுமே! இரண்டாவது, மேல் தட்டை வேறு எதுவும் தொடக்கூடாது. பக்கத்தில் ஒரு பொருள் முட்டினாலும் பாரத்தில் ஒரு பங்கை அது தாங்கிக்கொள்ளும். எடை குறைவாகக் காட்டும்.

எண்ணை எடையாக்குவது

திரையில் ஓடும் எண் எடை அல்ல. அதை எடையாக்க நமக்குத் தெரிந்த படிக்கல் வேண்டும். தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி, அரசு முத்திரையிட்ட இரும்புப் படிக்கற்களை இரண்டு நாளைக்குக் கொடுத்து உதவினார். கால் மணி நேரம் மின்சாரம் கொடுத்து வைத்திருந்து பிறகு அளந்தோம். வெறும் தட்டில் 84,200. ஒரு கிலோ வைத்தபோது 5,12,700. வித்தியாசம் 4,28,500. ஆயிரத்தால் வகுத்தால் ஒரு கிராமுக்கு 428.5.

எடை = (இப்போதைய எண் – வெறும் தட்டின் எண்) ÷ 428.5

இவ்வளவுதான் சூத்திரம். உண்மையில் லோடு செல் அளப்பது விசையை. ஒரு கிலோ அழுத்துவது 9.8 நியூட்டன். புவியீர்ப்பு இடத்துக்கு இடம் மாறுவதால், சென்னையில் சரிசெய்த தராசை வடதுருவத்துக்குக் கொண்டுபோனால் ஒரு கிலோவுக்குச் சுமார் 5 கிராம் கூடுதலாகக் காட்டும். தராசை அது இருக்கும் இடத்திலேயே சரிசெய்ய வேண்டும் என்பது இதனால்தான்.

ஐந்து சோதனைகள்

1. நேர்கோடு: சூத்திரத்துக்குப் பயன்படுத்தாத படிக்கற்களை வைத்துப் பார்க்க வேண்டும். 500 கிராம் வைத்தபோது 499.9 வந்தது, 2 கிலோவுக்கு 1999.5. நல்ல பொருத்தம்.

2. ஏற்றம், இறக்கம்: பாரத்தைக் கூட்டிக்கொண்டே போய், பிறகு குறைத்துக்கொண்டே வர வேண்டும். இறங்கும்போது ஒரு கிலோவில் 0.6 கிராம் கூடுதலாகக் காட்டியது. இதுதான் பாடத்தில் வரும் ஹிஸ்டரிசிஸ்.

3. திரும்பத் திரும்ப: ஒரே கிலோவைப் பத்து முறை எடுத்து எடுத்து வைத்தோம். அதிகபட்ச வித்தியாசம் 0.4 கிராம். ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். காற்றும் தட்டை அழுத்தும்!

4. நகர்வு: 2 கிலோவை அரை மணி நேரம் அப்படியே விட்டோம். யாரும் தொடாமலே 1.1 கிராம் ஏறியது. உலோகமும் பசையும் மெல்ல மெல்ல இளகுவதால் வருவது.

5. மூலை: ஒரு கிலோவைத் தட்டின் ஓரத்தில் வைத்தால் 997 கிராம். நடுவில் வைத்தால் சரி. தட்டின் நடுவே பெயிண்டால் வட்டம் போட்டுவிட்டோம்.

முடிவு என்ன? எங்கள் தராசை, பாரத்தை நடுவில் வைத்தால், ஒன்றிரண்டு கிராம் வரை நம்பலாம். புரோகிராமில் கேட்டால் தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம்கூட வரும். அது துல்லியம் ஆகாது, அலங்காரம்தான். அதனால் முழு கிராம் மட்டும் காட்டும்படி எழுதினோம்.

இது எதற்கு?

மார்க்குக்கு மட்டும் இல்லை நண்பர்களே. எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா மல்லிகைப் பூ பறிக்கும் வேலைக்குப் போகிறார். கூலி கிலோ கணக்கு. எடை போடும் இடத்தில் சிவப்பு எழுத்தில் எண் வரும். அதுதான் அன்றைய கூலி. கொஞ்ச நாளாகக் கை நிறையப் பறித்தும் எடை குறைவாகவே வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாராவது கேட்டால், "மிஷின் பொய் சொல்லுமா?" என்று பதில் வருமாம்.

தெரிந்த எடையை வைத்துப் பார்க்கச் சொல்லும்மா என்றேன். "அப்படிக் கேட்டா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதேன்னுடுவாங்கடா" என்றார். நியாயமான பயம்தான். அப்புறம் யோசித்து அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார். வரும் வழியில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் வாங்கிக்கொண்டு, "அண்ணே, கடையில சரியாத்தான் குடுத்திருக்காங்களான்னு பாருங்க" என்று தட்டில் வைத்தார். 960 என்று வந்தது! எடை போடுகிறவரே திகைத்து, குனிந்து பார்த்திருக்கிறார். தட்டின் ஓரத்தில் ஒரு சாக்கு மூட்டை முட்டிக்கொண்டிருந்தது. நகர்த்தியதும் உப்பு ஒரு கிலோவும் கவரின் எடையுமாகச் சரியாக வந்தது. அவர் ஏமாற்றவில்லை. ஆனால் எத்தனை நாளாக அந்தச் சாக்கு அங்கே இருந்தது, எத்தனை பேர் கூலி அதில் போனது என்று யாருக்கும் தெரியாது.

சட்டமுறை எடையளவு சட்டம் 2009-ன்படி, வியாபாரத்துக்குப் பயன்படும் எலக்ட்ரானிக் தராசை ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரையிட வேண்டும். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. முத்திரை இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் முத்திரை போட்ட மறுநாள் ஒரு சாக்கு வந்து முட்டினால்? அதை நாம்தான் கவனிக்க வேண்டும். வெறும் தட்டில் சுழி இருக்கிறதா, தட்டு தனியாக நிற்கிறதா, தெரிந்த எடை சரியாக வருகிறதா. இந்த மூன்றையும் நம் வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். இதற்கு டிப்ளமோ தேவையில்லை.

அடுத்த ஆண்டு இதைச் செய்ய நினைக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை பாக்கி வைத்திருக்கிறோம். காலையிலும் உச்சி வெயிலிலும் அளந்து, வெப்பநிலையால் சுழி எவ்வளவு நகர்கிறது என்று வரைபடம் போட வேண்டும். எங்கள் அளவீட்டு நோட்டு எலக்ட்ரானிக்ஸ் லேப் அலமாரியில் இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். படிக்கற்களுக்கு அண்ணாச்சியிடம் நான் சொல்லி வைக்கிறேன்.