இறப்பருடன் செயற்கை நூலைப் பிணைத்தல்

க.பொ.த. (சா/த) விஞ்ஞானம் – பல்பகுதியங்கள்: மேலதிக விளக்கம்

மாணவர்களே! மாத்தளை மாவட்டத்தில் தேயிலை, மிளகு, கொக்கோ ஆகியவற்றுடன் இறப்பரும் பயிரிடப்படுகிறது. வெட்டிய பாலுக்குப் போமிக்கமிலம் சேர்த்துத் திரளவைத்துத் தாளாக்குவதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். ஆனால் இறப்பரை மட்டும் கொண்டு பஸ் ரயர் செய்ய முடியாது. காற்று நிரப்பியதும் அது வீங்கி உருக்குலைந்துவிடும். அதனால் உள்ளே நைலோன் அல்லது பொலியெசுத்தர் நூல் துணி படைகளாக வைக்கப்படுகிறது. பாரத்தைத் தாங்குவது நூல். வீதியைப் பற்றிப் பிடிப்பது இறப்பர். ஓடும்போது இவை பிரிந்தால் படைகள் உராய்ந்து சூடாகி ரயர் வெடிக்கலாம். கண்டி வீதியில் செல்லும் பஸ்ஸிலுள்ள பயணிகளின் உயிர் இப்பிணைப்பிலும் தங்கியுள்ளது.

1. ஏன் இலகுவில் ஒட்டுவதில்லை?

(அ) முன்னர் பயன்பட்ட பருத்தி நூலில் சிறு நார்முனைகள் வெளியே நீட்டியிருக்கும். அவை இறப்பரினுள் புதைந்து பிடித்துக்கொள்ளும். செயற்கை நூலோ தொடர்ச்சியான, வழுவழுப்பான இழைகளாலானது.

(ஆ) நைலோன் முனைவுத்தன்மையுள்ளது. ஐசோபிரீன் அலகுகளாலான இயற்கை இறப்பர் முனைவற்றது. ஆகவே இவற்றிடையே கவர்ச்சி குறைவு.

2. பிணைப்பை வலுப்படுத்தும் முறை

இரு பக்கமும் கைகோக்கக்கூடிய ஓர் இடைப்படை தேவை. அமெரிக்காவின் டியூபொன்ட் நிறுவனத்தில் 1930களில் உருவான முறை இன்றும் பரவலாக உள்ளது.

படி 1: றிசோசினோலையும் போமல்டிகைட்டையும் நீரில் தாக்கமுறச் செய்து பிசினாக்கி, இறப்பர்ப் பாலுடன் கலத்தல்.
படி 2: நூலை இக்கலவையில் தோய்த்து உலர்த்துதல்.
படி 3: நூலை இழுத்துப் பிடித்தபடி 200 °C க்கு மேல் சூடாக்குதல்.
படி 4: இறப்பருடன் சேர்த்து, கந்தகத்துடன் வல்கனைசுப்படுத்தல்.

பிசினின் ஐதரொட்சில் கூட்டங்கள் நைலோனின் அமைட்டுக் கூட்டங்களுடன் ஐதரசன் பிணைப்புகளை ஏற்படுத்தும். படையிலுள்ள பாலின் இரட்டைப் பிணைப்புகள் கந்தகத்தின் மூலம் ரயர் இறப்பருடன் குறுக்குப் பிணைப்புகளை ஏற்படுத்தும்.

பொலியெசுத்தரில் அமைட்டுக் கூட்டம் இல்லை. எனவே முதலில் எபொட்சி அல்லது ஐசோசயனேற்றுச் சேர்வையில் தோய்த்து, பின்னரே மேற்கூறிய கலவையில் தோய்ப்பர்.

சென்னைக்கு அருகே மணலியில் எஸ்.ஆர்.எஃப். நிறுவனம் நைலோன் ரயர் நூல் துணியை உற்பத்தி செய்துவந்துள்ளது. இலங்கையில் களனி ரயர் உற்பத்திக்குப் பெயர்பெற்ற இடமாகும்.

3. பிணைப்பைப் பரிசோதித்தல்

இறப்பர்க் கட்டியில் பதித்த நூலை இழுத்து, தேவைப்படும் விசையை அளப்பர். நூல் சுத்தமாக வெளியே வந்தால் பிணைப்பு பலவீனமானது. இறப்பர் கிழிந்து நூலுடன் ஒட்டி வந்தால் பிணைப்பு வலுவானது.

4. பாதுகாப்பு

போமல்டிகைட்டு மனிதரில் புற்றுநோயை ஏற்படுத்தும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் முடிவு செய்தது. எனவே தொழிற்சாலையில் நல்ல காற்றோட்டம் அவசியம். போமல்டிகைட்டு இல்லாத தோய்ப்புக் கலவைகளும் இப்போது உருவாக்கப்பட்டுள்ளன.

கவனிக்க: வல்கனைசுப்படுத்தல் இறப்பர்ச் சங்கிலிகளை ஒன்றுடனொன்று இணைக்கும். தோய்க்காத நைலோனை அது மட்டும் இறுகப் பிணைக்காது. இவ்விரண்டையும் குழப்பிப் புள்ளிகளை இழக்க வேண்டாம்.

மாதிரி வினா: தோய்ப்புக் கலவையில் பிசின், இறப்பர்ப் பால் இரண்டும் ஏன் தேவை?

விடை: பிசின் நூலுடனும், பால் ரயர் இறப்பருடனும் பிணைகின்றன. ஒன்று இல்லாவிடினும் அப்பக்கத்துப் பிணைப்பு பலவீனமாகும்.