கர்ப்பப்பை வாய்ச் சோதனை: மாறுபட்ட முடிவின் பொருள்

முப்பது வயது கடந்த பெண்டிர், தறியில் அமர்பவராயினும் வயலில் நாற்று நடுபவராயினும், கர்ப்பப்பை வாய்ச் சோதனை செய்துகொள்ளுதல் நன்று. உத்திரமேரூர் போன்ற கிராமப்புற வட்டாரங்களில் அரசு சுகாதார நிலையங்களிலேயே இச்சோதனை நடைபெறுகிறது. எனினும், 'மாறுதல் காணப்படுகிறது' என்ற சொல்லைக் கேட்டவுடன், புற்றுநோயே வந்துவிட்டதெனக் கலங்கி, மறுபடி மருத்துவமனைக்குச் செல்லாதிருப்போரும் உளர். அச்சொல்லின் பொருளை இப்பாடத்தில் ஆராய்வோம்.

நோய் தோன்றும் விதம்

இந்நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ். தாம்பத்திய உறவின் வழியே பரவும் இது மிகச் சாதாரணமானது. பெரும்பாலோர் உடலில் தானே அடங்கிவிடும். சிலரிடம் மட்டும் நெடுங்காலம் தங்கி, கர்ப்பப்பை வாயின் அணுக்களை மாற்றுகிறது. அம்மாறுதல் புற்றாக முதிர்வதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். இவ்விடைக்காலமே நமக்குக் கிடைத்த வாய்ப்பு. பாவில் அறுந்த இழையை அப்போதே பிணைத்துவிட்டால் சேலை கெடாதன்றோ?

சோதனைகள் கூறுவது யாது?

ஒரு முறையில், நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெண்படலம் தோன்றுகிறதா என்று பார்ப்பர். சாதாரண அழற்சியாலும் வெண்மை தோன்றலாம். 'பாப்' சோதனையில் அணுக்களை எடுத்துப் பூதக்கண்ணாடிக் கருவியில் ஆராய்வர். லேசான மாறுதலெனின், சிலகாலம் கழித்து மீண்டும் சோதிப்பதே போதுமானதாகலாம். கடுமையான மாறுதலெனின் தாமதமின்றி அடுத்த பரிசோதனை வேண்டும். எச்.பி.வி. சோதனையோ வைரஸ் இருப்பதை மட்டுமே காட்டும். அது பல ஆண்டுகள் மறைந்திருக்கக் கூடியதாதலால், அம்முடிவைக் கொண்டு மனைவியையோ கணவனையோ ஐயுறுதல் தகாது.

திண்டுக்கல் தந்த சான்று

2000 முதல் 2003 வரை திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில், 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்கள் அசெட்டிக் அமிலச் சோதனைக்கு அழைக்கப்பட்டனர். 31,343 பேர் வந்தனர். அவர்களுள் 3,088 பேரிடம், அதாவது நூற்றுக்குப் பத்துப் பேரிடம், மாறுதல் காணப்பட்டது. ஆனால் 2006 வரை புற்றுநோய் கண்டவர்கள், சோதனைக்கு வராதவர்களையும் சேர்த்து, 167 பேரே. சோதனைக்கு அழைக்கப்படாத ஊர்களோடு ஒப்பிடுகையில், இந்நோயால் நேர்ந்த மரணம் 35 சதவீதம் குறைந்தது. எனினும் புற்றுக்கு முந்தைய மாறுதல் உறுதிசெய்யப்பட்டவர்களுள் 72 சதவீதத்தினரே சிகிச்சை பெற்றனர். எஞ்சியோர் நிலையே நாம் கவலை கொள்ளத்தக்கது.

அடுத்துச் செய்ய வேண்டுவன

மருத்துவர் கால்போஸ்கோப் என்னும் கருவியால் கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்ப்பார். வேண்டுமாயின் சிறு சதைத் துணுக்கை ஆய்வுக்கு எடுப்பார். அதன் முடிவு மூன்று படிகளாகக் குறிக்கப்படும். முதற்படி பெரும்பாலும் தானே குணமாகும், கண்காணித்தால் போதும். இரண்டாம், மூன்றாம் படிகளுக்குப் பொதுவாகச் சிகிச்சை வேண்டும். உறையச் செய்தோ, வெப்பத்தாலோ, மின்கம்பியாலோ மாறிய பகுதியை மட்டும் நீக்குவர், கர்ப்பப்பையை எடுப்பதன்று. பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். அதன்பின் சில வாரம் நீர்க்கசிவு இருக்கும். மருத்துவர் கூறும் காலம் வரை தாம்பத்திய உறவைத் தவிர்த்தல் வேண்டும். குறித்த நாளில் மறுசோதனைக்கும் செல்லுதல் வேண்டும்.

மாதவிடாய் நின்றபின் உதிரம், உறவுக்குப்பின் உதிரம், துர்நாற்றமுள்ள கசிவு ஆகியவை காணின், சோதனை முகாமுக்குக் காத்திராது உடனே மருத்துவரை நாடுக. காஞ்சிபுரத்தை அடுத்த காரைப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை உள்ளது.

உறுப்பினர் கடமை

ஒருநாள் கூலி போகுமே என்று மறுபரிசோதனையைத் தள்ளிப்போடுவது உண்டு. அன்று தறிவேலையையும் வீட்டுவேலையையும் பகிர்ந்துகொண்டு, அவரோடு துணையாகச் செல்லுதல் குடும்பத்தினர் கடமை. சோதனைச் சீட்டைப் பத்திரப்படுத்துக. அடுத்து வரவேண்டிய நாளைக் கேட்டு அதிலேயே எழுதி வாங்குக. மாறுபட்ட முடிவு மீண்டும் வருமாறு விடுக்கும் அழைப்பேயன்றி வேறன்று. அவ்வழைப்பை ஏற்றுச் செல்வோர்க்கே சோதனை பயன் தரும்.